டி.எஸ். பாலையா: ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய படங்களை இப்போதுதான் தேடிப் பார்க்கத் தொடங்கியவர்கள் பாலையாவைப் பற்றி ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், அவரை ஏற்கெனவே நேசிப்பவர்களுக்காகவும் இந்தப் பதில்கள்.

டி.எஸ். பாலையா யார்? பெயர் தெரியாதவருக்கு எப்படி அடையாளம் சொல்வது?

"காதலிக்க நேரமில்லை படத்தில் நாகேஷிடம் பேய்க்கதை கேட்டு நடுங்குவாரே, அந்த அப்பா" என்று சொன்னால் போதும். அப்படியும் பிடிபடாவிட்டால் "திருவிளையாடலில் ஹேமநாத பாகவதர்" என்று சொல்லுங்கள். தமிழ் வீடுகளில் இந்த இரண்டையும் பார்க்காதவர்கள் மிகக் குறைவு.

பாலையா 1914 ஆகஸ்ட் 23 அன்று பிறந்தவர். ஊர், அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்த சுண்டங்கோட்டை. நாடக மேடையில் வளர்ந்து, 1936-இல் திரைக்கு வந்து, 1972 ஜூலை 22 அன்று மறையும் வரை நடிகராகவே வாழ்ந்தார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நீண்ட அந்தத் திரை வாழ்க்கையில் வில்லன், நண்பன், அண்ணன், மாமனார், பண்ணையார், வித்வான் என்று எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தவர்.

அவர் நாடகத்திலிருந்து வந்தவர் என்கிறார்களே, அது நடிப்பில் எப்படித் தெரிகிறது?

முதலில் அந்தக் கால நாடகக் கம்பெனி எப்படி இருந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்திலும் அதற்குப் பிறகும் தமிழ்நாட்டில் 'பாய்ஸ் கம்பெனி' எனப்படும் சிறுவர் நாடகக் குழுக்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன. பையன்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, சாப்பிட்டு, வாத்தியாரிடம் பாடம் கேட்டு வளர்வார்கள். பாட்டும் வசனமும் மனப்பாடமாக வேண்டும். தன் வேடத்தை மட்டும் படித்தால் போதாது, மற்றவன் வேடமும் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், போட்டுக்கொண்டிருந்த பையனுக்குத் திடீரென்று மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிடும். அவன் வேறு வேடத்துக்கு மாற வேண்டும், அவன் இடத்துக்கு வேறொருவன் வர வேண்டும்.

மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வசனம் கேட்க வேண்டும். அதனால் அங்கே வளர்ந்த எல்லோருக்குமே குரல் பெரிது. எம்.ஆர். ராதா, எம்.ஜி.ஆர், சிவாஜி, வி.கே. ராமசாமி என்று அந்தத் தலைமுறையே மேடையில் உரம் ஏறிய தலைமுறை. பாலையா அவர்களில் வேறுபட்டு நிற்பது எங்கே என்றால், மேடையில் கற்ற பெரிய குரலை சினிமாவில் அவர் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் எடுத்தார். மற்ற நேரத்தில் அதை மடித்து வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தையை இழுத்து, அடுத்த வார்த்தையை விழுங்கி, மூன்றாவதை மூக்கோடு முணுமுணுத்துப் பேசும் அந்த நடை அவருக்கே சொந்தமானது.

இன்னொன்றும் உண்டு. என் கணிப்பில் அதுதான் முக்கியம். மேடையில் ஒருவர் பாடும்போது மற்றவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். பாட்டு நீளும், 'ஒன்ஸ்மோர்' கேட்டால் இன்னும் நீளும். அந்த நேரமெல்லாம் பாட்டில்லாத நடிகர் என்ன செய்வார்? சிலர் மரம் மாதிரி நிற்பார்கள். சிலர் கவனத்தைத் தன் பக்கம் இழுக்கச் சேட்டை செய்வார்கள். பாலையா கேட்பார். எதிரே இருப்பவர் பேசுவதை உண்மையாகவே காது கொடுத்துக் கேட்கும் நடிகர் அவர். அவருடைய சிறந்த காட்சிகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் பேசிக்கொண்டிருப்பவர் வேறு யாராவதாக இருப்பார்.

சினிமாவில் முதல் படம் எது?

1936-இல் வந்த 'சதி லீலாவதி'. எஸ்.எஸ். வாசன் எழுதிய கதை, இயக்கியவர் அமெரிக்காவிலிருந்து வந்த எல்லிஸ் ஆர். டங்கன். எம்.கே. ராதா கதாநாயகன். அவரைக் குடிக்குப் பழக்கிக் குடும்பத்தைச் சிதைக்கும் நண்பனாக பாலையா வந்தார். எம்.ஜி.ஆருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் அதுவே முதல் படம். பின்னாளில் மூன்று வெவ்வேறு திசைகளில் உயர்ந்த மூவர் ஒரே படத்தில் தொடங்கினார்கள் என்பது நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது. அதிலும் அறிமுகப் படத்திலேயே கனமான வேடம் கிடைத்தது பாலையாவுக்கு.

தொடக்கத்தில் வில்லனாகவே நடித்தாரா?

ஆமாம், அதிகமும் அப்படித்தான். அடுத்த ஆண்டே, 1937-இல், எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'அம்பிகாபதி'யில் ருத்ரசேனன். கவிஞனுக்கும் இளவரசிக்கும் நடுவே நிற்கும் படைத்தலைவன். பாகவதரின் பாட்டுக்கு முன்னால் ஒரு வில்லன் நின்று தாக்குப்பிடிப்பது அந்தக் காலத்தில் எளிதில்லை. பாலையா தாக்குப்பிடித்தார்.

1956-இல் 'மதுரை வீரன்' வந்தபோது எம்.ஜி.ஆருக்கு எதிராக நரசப்பன். பார்த்திருக்கிறீர்களா? கோபமாகக் கத்தும் வில்லன் இல்லை அவன். பொறாமையை உள்ளுக்குள் வைத்துப் புழுங்குகிறவன், தகுதிக்கு மீறி ஆசைப்படுகிறவன். பார்க்கிறவர்களுக்கு அவன்மேல் வெறுப்பும் வரும், கூடவே ஒரு இளக்காரச் சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்பைத்தான் பிறகு அவர் முழுநேரமாக வளர்த்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றும்.

அதற்கு முன்பே 1954-இல் 'தூக்குத் தூக்கி'யில் வடநாட்டு சேட்டாக வந்து, 'நம்பள், நிம்பள்' என்று உடைந்த தமிழ் பேசி, வில்லத்தனத்தையும் நகைச்சுவையையும் ஒரே பாத்திரத்தில் கலந்திருக்கிறார். அடுத்தவன் மனைவியோடு கள்ள உறவு வைத்திருக்கும் பாத்திரம் அது. கொஞ்சம் பிசகினாலும் ஆபாசமாகியிருக்கும். அவர் கையில் அது கேலிக்குரிய மனிதனாக மட்டும் நின்றது.

நல்லவராக நடித்த பழைய படம் ஏதாவது உண்டா?

'வேலைக்காரி' (1949) பாருங்கள். அண்ணாவின் கதை வசனம், ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கம். ஆனந்தனாக கே.ஆர். ராமசாமி கொதித்துக்கொண்டே இருப்பார். அவருடைய நண்பன் மணியாக வரும் பாலையா, ஆத்திரத்தை அறிவின் பக்கம் திருப்பிவிடுகிறவர். பழிவாங்கும் திட்டமே மணியின் மூளையில் உருவானதுதான். அனல் பறக்கும் வசனங்களுக்கு நடுவே நிதானமாகப் பேசும் ஒரு குரல் இல்லாவிட்டால் அந்தப் படம் வெறும் மேடைப் பேச்சாகப் போயிருக்கும்.

வில்லன் எப்படி அப்பாவாகவும் அண்ணனாகவும் மாறினார்?

திடீரென்று மாறவில்லை. வயது ஏற ஏற வேடங்களும் நகர்ந்தன. 1959-இல் வந்த 'பாகப்பிரிவினை' ஒரு நல்ல திருப்பம். அண்ணனாக பாலையா, தம்பியாக எஸ்.வி. சுப்பையா. அண்ணன் கெட்டவன் இல்லை, மனைவியின் சொல்லுக்கு முன்னால் பலமில்லாதவன். தம்பிமேல் பாசமும் இருக்கிறது, வீட்டுக்குள் அதைச் சொல்லத் துணிவும் இல்லை. சொத்தைப் பிரிக்க உட்காரும் இரண்டு அண்ணன் தம்பிகளின் முகங்களை இந்த இரண்டு நடிகர்களிடம் பாருங்கள். கூட்டுக்குடும்பம் உடைந்ததைப் பார்த்த எவருக்கும் தொண்டை அடைக்கும்.

பலவீனமான மனிதனை நடிப்பதில் பாலையாவுக்கு ஈடு கிடையாது. பணத்துக்குப் பலவீனம், பெண்டாட்டிக்குப் பலவீனம், புகழுக்குப் பலவீனம். வில்லனாக இருந்தபோதும் அவர் பிடித்தது இந்தப் பலவீனத்தைத்தான், அப்பாவாக இருந்தபோதும் இதைத்தான். எங்கே அழுத்துகிறார் என்பதுதான் படத்துக்குப் படம் மாறியது.

'காதலிக்க நேரமில்லை' கதை சொல்லும் காட்சியில் அப்படி என்ன இருக்கிறது?

1964-இல் ஸ்ரீதர் இயக்கிய படம், சித்ராலயா கோபுவும் சேர்ந்து எழுதியது. சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாக பாலையா. அவருடைய மகன் செல்லப்பாவாக நாகேஷ். 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று போர்டு மாட்டிக்கொண்டு சினிமா எடுக்கக் கிளம்பியவன். தான் எடுக்கப்போகும் திகில் கதையை அப்பாவுக்குச் சொல்கிறான்.

காட்சி முழுக்க நாகேஷ்தான் பேசுகிறார். காற்றும் அவர்தான், கதவும் அவர்தான், காலடிச் சத்தமும் அவர்தான். குரல், கை, உடம்பு எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். பாலையாவுக்கு அங்கே பேச ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. முதலில் "இவன் என்னத்தைச் சொல்லிவிடப் போகிறான்" என்ற பணக்காரத் தகப்பனின் அலட்சியம். பிறகு கொஞ்சம் கவனம். பிறகு கண் ஒரு இடத்தில் நிலைக்கும். உடம்பு தன்னையறியாமல் சுருங்கும். அடுத்த சத்தம் எப்போது வரும் என்று காத்திருக்கிற பயம் முகத்தில் வந்து உட்காரும். இதில் ஒரு படியைக்கூட அவர் தாண்டிக் குதிக்கவில்லை. அலட்சியத்திலிருந்து நடுக்கம் வரை ஒவ்வொரு படியாக இறங்குகிறார்.

ஒரு முறை நாகேஷைப் பார்க்காமல் பாலையாவை மட்டும் பார்த்துக்கொண்டு அந்தக் காட்சியை ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒலியை நிறுத்திவிட்டு இன்னொரு முறை. கதையே தெரியாதவருக்கும் எந்த இடத்தில் கதவு திறந்தது, எந்த இடத்தில் உருவம் வந்தது என்று அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட முடியும். நாகேஷ் செய்த வித்தை பெரிது. அது வித்தை என்று நமக்குத் தெரிய வைத்தது, அதைக் கேட்டுக்கொண்டிருந்த முகம். அந்த முகம் பயப்படவில்லை என்றால் நாகேஷ் வெறுமனே கத்திக்கொண்டிருப்பவராகத்தான் தெரிந்திருப்பார்.

அதே படத்தில் "அசோகர் உங்க மகருங்களா" வசனம் ஏன் இவ்வளவு பிரபலம்?

அந்த வசனத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அசோகன் என்ற இளைஞனை (ரவிச்சந்திரன்) விஸ்வநாதன் வேலையைவிட்டு அனுப்புகிறார். அவன் வீட்டு வாசலிலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்து வேலை கேட்டுப் பாட்டே பாடுகிறான். விஸ்வநாதனுக்கு அவன் பரம எதிரி. அவன் ஒரு பெரிய கோடீஸ்வரரின் பிள்ளை என்று (முத்துராமன் கிழவர் வேடம் போட்டு வந்து) நம்பவைத்ததும், அதே விஸ்வநாதன் அசோகனை 'அசோகர்' என்றும் மகனை 'மகர்' என்றும் ஆக்கி மரியாதையில் குழைந்துபோகிறார்.

இதில் பாலையா செய்தது என்ன? பணம் என்ற சொல் காதில் விழுந்த அந்தக் கணத்திலேயே குரலின் உயரத்தைக் குறைத்துவிடுகிறார். முதுகு லேசாக வளைகிறது. அதுவரை முதலாளியாக நின்ற மனிதர் கண்ணெதிரே குறுகிப்போகிறார். வெளியே சிரிப்பு, உள்ளே மனித சுபாவத்தைப் பற்றிய கூர்மையான கவனிப்பு. இப்படிப்பட்டவர்களை எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறோம், அதனால்தான் அறுபது வருஷம் ஆகியும் அந்த வசனம் பழசாகவில்லை.

ஹேமநாத பாகவதராக வந்து பாடியது பாலையாவேதானா?

இல்லை. 'திருவிளையாடல்' (1965) படத்தின் 'ஒரு நாள் போதுமா' பாட்டைப் பாடியவர் எம். பாலமுரளிகிருஷ்ணா. கண்ணதாசன் வரிகள், கே.வி. மகாதேவன் இசை. ஆனால் இந்தக் கேள்வி இத்தனை பேருக்கு வருவதே பாலையாவுக்குக் கிடைத்த பாராட்டு. சங்கீதம் தெரிந்தவர் எப்படி மூச்செடுப்பார், எந்த இடத்தில் கையை விரிப்பார், சங்கதி விழுந்ததும் சபையை எப்படி ஒரு பார்வை பார்ப்பார் என்பதெல்லாம் அவரிடம் சுத்தமாக இருக்கும். பாட்டோடு பாட்டாக வளர்ந்த நாடக நடிகருக்கு இது சொல்லிக்கொடுத்து வர வேண்டியதில்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பாண்டிய நாட்டுக்கு வரும் ஹேமநாத பாகவதர், தன்னைப் பாட்டில் வெல்ல ஆள் உண்டா என்று சவால் விடுகிறார். போட்டிக்குப் பாணபத்திரர் (டி.ஆர். மகாலிங்கம்) வர வேண்டும். அவர் இறைவனிடம் முறையிட, சிவபெருமானே (சிவாஜி) விறகுவெட்டியாக வந்து, பாகவதர் தங்கியிருக்கும் வீட்டு வாசலில் இரவில் பாடுகிறார். அதுதான் 'பாட்டும் நானே'.

சபையில் பாடும் பாகவதரைவிட, இரவில் கேட்கும் பாகவதர்தான் எனக்குப் பெரியவராகத் தெரிகிறார். காலையில் இதே மனிதர் நாட்டையே அடிமையாகக் கேட்டவர். இப்போது யாரோ ஒரு விறகுவெட்டி பாடுகிறான். நல்ல பாட்டைக் கேட்டால் தலை தானாக ஆடும், வித்வானுக்கு அதைத் தடுக்க முடியாது. அந்த ரசனை ஒரு பக்கம். தான் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்ற அறிவு இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே முகத்தில் மோதுகின்றன. பாடியவன் தன்னைப் பாணபத்திரர் "உனக்குப் பாட்டு வராது" என்று திருப்பி அனுப்பியதாகச் சொல்லும்போது, அந்த அகங்காரம் உடைகிறது. அங்கே ஒரு வில்லனைத் தண்டிப்பது போன்ற திருப்தி நமக்கு வருவதில்லை. ஒரு கலைஞன் தன் அளவைத் தெரிந்துகொண்டான் என்ற பரிதாபமும் மரியாதையும்தான் வருகிறது. ஏ.பி. நாகராஜன் அந்த வேடத்துக்கு பாலையாவைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த ஒரு காட்சியே பதில்.

'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் அவருக்கு என்ன வேடம்?

தவில் வித்வான் முத்துராக்கு. 1968-இல் அதே நாகராஜன் இயக்கத்தில் வந்த படம், கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதை. நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரம் (சிவாஜி) சட்டென்று கோபப்படுகிறவர். மேளக்கோஷ்டியில் வயதில் மூத்தவரான முத்துராக்கு அவரைச் சமாளித்து, கூட்டத்தையும் சமாளித்து, சந்தர்ப்பம் பார்த்துக் கிண்டலும் செய்கிறவர். மேளக்காரர்களோடு பழகியவர்களுக்கு இந்த மூத்த தவில்காரர் நன்றாகவே அறிமுகமானவர்.

'நலந்தானா' பாட்டில் மோகனா (பத்மினி) ஆடிக்கொண்டே நலம் விசாரிக்கிறாள், காயம்பட்ட சண்முகசுந்தரம் நாதஸ்வரத்தில் பதில் சொல்கிறார். எல்லோரும் அவர்கள் இருவரைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் தவிலோடு உட்கார்ந்திருக்கும் பாலையாவையும் கொஞ்சம் பாருங்கள். அந்த இருவரின் பேச்சு முழுசாகப் புரிந்த மூன்றாவது ஆள் அந்த மேடையில் அவர்தான்.

சிவாஜி போன்ற நடிகருக்கு எதிரே அவர் மங்கவில்லையே, எப்படி?

போட்டி போடவில்லை, அதனால். சிவாஜி குரலை உயர்த்தினால் இவர் தாழ்த்துவார். எதிரே வேகம் கூடினால் இவர் இழுத்துப் பேசுவார். இருவருமே மேடையில் வளர்ந்தவர்கள், அதனால் யார் எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது சொல்லாமலே தெரிந்திருந்தது. 'ஊட்டி வரை உறவு' (1967) இதற்கு இலேசான, இனிமையான உதாரணம். பழைய ரகசியம் ஒன்று வீட்டுக்குள்ளேயே வந்து தங்கிவிட, அதை மனைவிக்குத் தெரியாமல் மறைக்கத் திண்டாடும் அப்பா. மகனாக சிவாஜி. அப்பாவின் ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் சிவாஜி இடம் விட்டு நிற்பார், பாலையா அதை முழுக்கப் பயன்படுத்திக்கொள்வார்.

பாலசந்தர் படத்தில் நடித்திருக்கிறாரா?

'பாமா விஜயம்' (1967). மேஜர் சுந்தரராஜன், முத்துராமன், நாகேஷ் மூவரும் மகன்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு சினிமா நட்சத்திரம் குடிவந்ததும் மூன்று மருமகள்களும் ஆடம்பரத்தில் இறங்க, வரவுக்கு மேல் செலவு போகிறது. அதைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருக்கும் மாமனார் பாலையா. 'வரவு எட்டணா செலவு பத்தணா' பாட்டு இந்தப் படத்தில்தான். இங்கே அவர் பலவீனமானவர் இல்லை, வீட்டிலேயே தெளிவான ஆள் அவர்தான். அதனால் நடிப்பும் அமைதியாக இருக்கும்.

அவர் குடும்பத்திலிருந்து வேறு யாராவது நடித்தார்களா?

மகன் ரகு, 'ஜூனியர் பாலையா' என்ற பெயரில் நடித்தார். 'மேல்நாட்டு மருமகள்' (1975) அவருடைய தொடக்கம். 'கரகாட்டக்காரன்', 'சுந்தர காண்டம்' இரண்டிலும் அவரைப் பார்க்கலாம், 'சாட்டை'யில் தலைமை ஆசிரியராக வருவார். முகச்சாயலும் பேச்சின் இழுப்பும் அப்படியே அப்பா. 2023 நவம்பரில் காலமானார்.

புதிதாகப் பார்க்கிறவர் எந்தப் படத்தில் தொடங்கலாம்?

'காதலிக்க நேரமில்லை'யில் தொடங்குங்கள். சிரித்து முடித்ததும் 'திருவிளையாடல்'. இரண்டிலும் அவர் கேட்கும் காட்சிகளைத் திரும்ப ஒருமுறை போட்டுப் பாருங்கள். அப்புறம் 'பாகப்பிரிவினை', அதற்கு மனசு கொஞ்சம் கனமாகத் தயாராக இருக்க வேண்டும். 'மதுரை வீரன்' நான்காவது, அதைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த அப்பாவையும் பாகவதரையும் அண்ணனையும் பார்த்த பிறகு நரசப்பனைப் பார்த்தால், இந்த மூவரும் அவனுக்குள் ஏற்கெனவே இருந்தது தெரியும். பொறுமை இருந்தால் 'வேலைக்காரி'. கறுப்பு வெள்ளை, நீளமான வசனங்கள், பழைய ஒலி. ஆனாலும் மணி பேசும் இடங்களில் படம் இளமையாக இருக்கும்.